ஏழு மாதம் சுமந்த பேட்ச்

காவேரிப்பட்டினத்தில் எங்கள் வீட்டு மாடியறையில், சோதனைக்கென்றே ஒரு பழைய மடிக்கணினியைத் தனியாக வைத்திருக்கிறேன். தமிழ்நாடு அரசு 2011-ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஒரு பிளஸ் டூ மாணவிக்குக் கிடைத்து, அவர் படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகு எங்களிடம் வந்து சேர்ந்த கணினி அது. நினைவகம் 2 ஜிபி. வட்டு பழைய சுழலும் வகை. இதே போன்ற 24 கணினிகள், எங்கள் ஊரிலும் பாரூரிலும் நண்பர்கள் நடத்தும் இரண்டு மாலைநேரப் படிப்பகங்களில் இருக்கின்றன. அவற்றில் டெபியன் லினக்ஸ் ஓடுகிறது. அதன் மையப் பகுதியான கர்னலை மட்டும் நான் மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து, அதாவது இயங்கும் வடிவுக்கு மாற்றி, கொடுத்து வந்தேன்.

அதற்குக் காரணம் இருந்தது. பிள்ளைகள் ஃபயர்ஃபாக்ஸில் நான்கைந்து இணையப் பக்கங்களைத் திறந்துகொண்டு, கூடவே லிப்ரே ஆபிஸில் தமிழில் தட்டச்சு செய்யத் தொடங்கினால் கணினி அப்படியே உறைந்துவிடும். சுட்டி நகராது, வட்டின் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். நினைவகம் நிறையும்போது கர்னல் எதையாவது வெளியேற்றியாக வேண்டும். நிரல்களின் இயங்குகோப்புகள் ஏற்கெனவே வட்டில் இருப்பதால், அவற்றின் பக்கங்களை (நினைவகத்தைப் பிரித்து வைக்கும் சிறு துண்டுகளை) நினைவகத்திலிருந்து தூக்கிப் போடுவது கர்னலுக்கு எளிதான வழி. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்கு அடுத்த நொடியே அந்தப் பக்கம் மீண்டும் தேவைப்படும். அதை வட்டிலிருந்து வாசிக்க வேண்டும். வாசித்ததை வைக்க இடமில்லாமல் இன்னொன்றைத் தூக்க வேண்டும். இப்படியே நிமிடக்கணக்கில் போகும். பொறுமையிழந்த பிள்ளைகள் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பார்கள். எழுதிய கட்டுரை போய்விடும்.

இதற்கு ஒரு பேட்ச், அதாவது மூலநிரலின்மேல் ஒட்டும் சிறு மாற்றம், அப்போது இணையத்தில் பல கைகள் மாறி உலவிக்கொண்டிருந்தது. கோப்புப் பக்கங்களில் ஒரு குறைந்தபட்ச அளவை நினைவகத்திலிருந்து வெளியேற்றக் கூடாது என்று கர்னலுக்குச் சொல்வதே அதன் வேலை. மொத்தமே சில நூறு வரிகள். 2021-இல் டெபியன் 11 வந்தபோது அதன் 5.10 கர்னலில் அதைச் சேர்த்து, காக்க வேண்டிய அளவை 150 எம்பி என்று வைத்து ஓட்டிப் பார்த்தேன். அதே இணையப் பக்கங்கள், அதே கட்டுரை. கணினி மெதுவாக ஓடியதே தவிர உறையவில்லை. அன்றைக்கு எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரியது. இரண்டு படிப்பகங்களுக்கும் அந்தக் கர்னலையே நிறுவினேன். ஒரு பேட்சைச் சேர்ப்பதற்கு ஒரு மாலை போதும். அதைச் சுமப்பதற்கு எத்தனை மாலைகள் ஆகும் என்ற கணக்கை அன்று நான் போடவில்லை.

லினக்ஸ் கர்னல் ஏறத்தாழ 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வெளிவருகிறது. கர்னலுக்குள்ளே ஒரு பகுதி மற்றொரு பகுதியை அழைக்கும் முறைகளுக்கு நிலையான வடிவம் எதுவும் கிடையாது. இது தெரிந்தே எடுத்த முடிவு. ஒரு செயற்கூற்றின் வடிவத்தை மாற்றுபவர், கர்னலுக்குள் அதை அழைக்கும் எல்லா இடங்களையும் தாமே திருத்திக் கொடுத்துவிடுவார். ஆகவே பழையதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை என்று கர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் கர்னலின் ஆவணங்களிலேயே விளக்கி எழுதியிருக்கிறார். எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. உள்ளே இருக்கும் நிரலை ஊரே கூடிப் பராமரிக்கிறது. வெளியே நிற்கும் பேட்சை அப்படித் திருத்திக் கொடுக்க எவருக்கும் கடமையில்லை; அது இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

24 கணினிகளில் ஆறில் மட்டும் பின்னர் வாங்கிப் பொருத்திய வைஃபை சில்லுக்குப் புதிய கர்னல் தேவைப்பட்டதால், 5.10 ஒரு கிளையும் அவ்வப்போது வரும் புதிய பதிப்பு இன்னொரு கிளையுமாக இரண்டைச் சுமக்க வேண்டியதாயிற்று. 2022 ஜனவரியில் வந்த 5.16-இல் பல பக்கங்களை ஒன்றாகக் கையாளும் ஃபோலியோ என்ற புதிய கட்டமைப்பு நுழைந்தது. நினைவகத்தைப் பக்கம் பக்கமாகக் கையாண்ட பகுதிகள் அதன் பிறகு ஒவ்வொரு பதிப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக அதற்கு மாறிக்கொண்டே வந்தன. என் பேட்ச் கைவைத்திருந்ததோ அந்த மாற்றத்தின் நடுவில் இருந்த விஎம்ஸ்கேன் என்ற கோப்பில். பேட்சை ஒட்டும் நிரலை ஓட்டினால், மூன்றாவது ஹங்க் (பேட்சின் ஒரு துண்டு) ஒட்டவில்லை, ஐந்தாவது ஒட்டவில்லை என்று திரையில் வரும். ஒட்டாத துண்டுகள் தனிக் கோப்பில் விழும். அந்தக் கோப்பை ஒரு பக்கமும், புதிய மூலநிரலை மறுபக்கமும் திறந்து வைத்துக்கொண்டு, 'பேஜ்' என்றிருந்தது எங்கெல்லாம் 'ஃபோலியோ' ஆகியிருக்கிறது, ஆனது பெயரளவிலா பொருளிலுமா என்று வரி வரியாகப் பார்க்க வேண்டும். பெயர் மாற்றம் மட்டும் என்றால் பத்து நிமிட வேலை. ஒரு செயற்கூற்றை இரண்டாகப் பிரித்திருந்தால், என் நான்கு வரிகள் எந்தப் பாதிக்குள் போக வேண்டும் என்று தீர்மானிக்க, அந்த மாற்றத்தைச் செய்தவரின் விளக்கத்தையும் அதன்மேல் நடந்த விவாதத்தையும் வாசித்தாக வேண்டும். பகலில் ஓசூரில் வேலை. இவையெல்லாம் இரவு பத்து மணிக்கு மேல்.

நேரத்தை விடவும் என்னை உறுத்தியது வேறொன்று. 2022 மார்ச் 7-ஆம் தேதி, டர்ட்டி பைப் என்று பெயரிடப்பட்ட பாதுகாப்புக் குறை வெளியே தெரியவந்தது. 5.8 கர்னல் தொடங்கி இருந்துவந்த குறை அது. வாசிக்க மட்டுமே உரிமையுள்ள கோப்பில்கூடச் சாதாரணப் பயனர் ஒருவர் எழுதி, கணினியின் முழு அதிகாரத்தையும் பெற்றுவிடலாம். திருத்தம் 5.10.102-இல் வந்திருந்தது. டெபியனின் சொந்தக் கர்னலை வைத்திருந்தவர்களுக்கு வழக்கமான புதுப்பித்தலிலேயே வேலை முடிந்தது. எங்கள் 24 கணினிகளுக்கு மட்டும் நான் மூலநிரலை இறக்கி, பேட்சை ஒட்டி, கம்பைல் செய்து கொடுத்தால்தான் உண்டு. அந்த நாட்களில் அப்பாவைச் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்துவிட்டுக் கூடவே இருந்தேன். திருத்திய கர்னல் படிப்பகங்களுக்குப் போய்ச் சேர 11 நாட்கள் ஆயின. எந்தத் தீங்கும் நடக்கவில்லை. ஆனாலும், பிள்ளைகள் பலர் மாறி மாறி உட்காரும் கணினிகளை, எல்லோருக்கும் கிடைத்த ஒரு பாதுகாப்பிலிருந்து என் கையால் பிரித்து வைத்திருந்தேன் என்ற எண்ணம் அந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தில் என்னை விடவே இல்லை.

இன்னொரு இழப்பும் உண்டு. அந்த ஆறு கணினிகளில் வைஃபை அவ்வப்போது அறுந்தபோது, அதைக் கர்னல் பராமரிப்பாளர்களிடம் முறையிட எனக்கு வாயில்லை. பேட்ச் எதுவும் ஒட்டாத கர்னலில் இதே குறை வருகிறதா என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. அப்படிக் கேட்பது நியாயமும்கூட. அந்நிய நிரல் கலந்த ஒன்றின் குறைக்கு அவர்கள் எப்படிப் பொறுப்பேற்க முடியும்?

இந்தச் சுமை என் ஒருவனுடையது மட்டுமில்லை என்பதைப் பிறருடைய வரலாற்றைத் தேடி வாசித்தபோது உணர்ந்தேன். கான் கோலிவாஸ் ஆஸ்திரேலியாவில் மயக்கவியல் மருத்துவர். நிரலெழுதுவது அவருடைய தொழிலே இல்லை. மேசைக் கணினியில் லினக்ஸ் தடையில்லாமல் ஓட வேண்டும் என்பதற்காக, 'சிகே' என்ற பேட்ச் தொகுப்பை 2.4 கர்னல் காலத்திலிருந்து சொந்த நேரத்தில் நடத்தி வந்தார். எந்த நிரலுக்கு எப்போது சிபியூவைக் கொடுப்பது என்று முடிவுசெய்யும் ஷெட்யூலரை 2007-இல் புதிய நோக்கில் எழுதினார். சில வாரங்களில் கர்னல் நிரலாளர் இங்கோ மோல்நார் அந்த எண்ணத்தை ஒட்டி வேறொரு ஷெட்யூலரை எழுத, அந்த ஆண்டு அக்டோபரில் 2.6.23 கர்னலில் சேர்ந்தது அதுதான். கோலிவாஸ் விலகினார். 2009-இல் பிஎஃப்எஸ் என்ற ஷெட்யூலருடன் திரும்பிவந்தார். இம்முறை அது மையக் கர்னலில் சேர வேண்டும் என்ற விருப்பமே அவருக்கு இல்லை. 2016-இல் அதை மக்எஸ்எஸ் என்று மறுபடி எழுதினார். கர்னல் ஒவ்வொரு முறை மாறும்போதும் அதை இழுத்துக்கொண்டே வந்து, 2021-இல் போதும் என்று நிறுத்தினார். பகலில் நோயாளிகளைக் கவனித்துவிட்டு, இரவில் பிறர் மாற்றிய நிரலுக்கேற்பத் தம் நிரலை மாற்றி, இத்தனை ஆண்டுகள் ஒரு மனிதர் ஓடியிருக்கிறார். அவர் நிறுத்தியபோது ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டவர்கள் இருந்தார்கள். எப்படி இவ்வளவு காலம் தாங்கினீர்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

இதற்கு மறுகோடியில் இருப்பது, குறித்த நேரத்துக்குள் பதில் தந்தாக வேண்டிய வேலைகளுக்கான, அதாவது நிகழ்நேர லினக்ஸுக்கான, ப்ரீஎம்ப்ட் ஆர்டி என்ற பேட்ச் தொகுப்பு. 2004 வாக்கில் தொடங்கிய அந்தத் தொகுப்பு முழுமையாக மையக் கர்னலில் சேர்ந்தது 2024 நவம்பரில் வெளியான 6.12-இல்தான். இருபது ஆண்டுகள்! தாமஸ் கிளைக்ஸ்னரும் உடனிருந்தவர்களும் அதை வெளியே சுமந்தபடியே, துண்டு துண்டாக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மியூடெக்ஸ் பூட்டுகள், நுண்ணிய நேரம் காட்டும் டைமர்கள், த்ரெட்டாக ஓடும் இன்டரப்ட்கள், எஃப்ட்ரேஸ் என இன்று எல்லா லினக்ஸ் கணினிகளிலும் இருக்கும் பலவும் அந்த முயற்சியிலிருந்து வந்தவை. கடைசிவரை இழுத்தது திரையில் செய்தி அச்சிடும் பிரிண்ட்கே. இந்த வரலாற்றை வாசிக்கும்போது என் கண்ணில் முதலில் பட்டது பொறுமை. பிறகுதான் பணம் பட்டது. நிறுவனங்கள் சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்திருந்தன. 2015-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் அதற்கென ஒரு திட்டத்தையே தொடங்கியது. சம்பளம் இல்லாத ஒருவரால் இருபது ஆண்டுகள் இதைச் செய்திருக்க முடியாது. நிறுவனம் இருந்தாலும் உத்தரவாதமில்லை என்பதற்கும் சான்று உண்டு: வேகத்துக்குப் பெயர்போன கிளியர் லினக்ஸை, அதில் இருந்த அத்தனை பேட்சுகளோடும், 2025 ஜூலையில் இன்டெல் ஒரே அறிவிப்பில் நிறுத்திவிட்டது.

மூல ஆசிரியர்கள் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். ஜிலிப் நூலகம் 1995 முதல் உலகத்தின் பெரும்பாலான கணினிகளில் கோப்புகளைச் சுருக்கி விரிக்கிறது. அதை வேகப்படுத்துவதற்காகப் சிப்பின் கட்டளைகளிலேயே பிறர் எழுதிக் கொடுத்த அசெம்பிளி நிரல்கள் பல ஆண்டுகளாக அதன் கான்ட்ரிப் அடைவில் இருந்தன. 2022 மார்ச்சில் வந்த 1.2.12 பதிப்பில் அவற்றை நீக்கினார்கள். பிழைகள் வெளிப்பட்ட பழைய அசெம்பிளி நிரல் என்பதே சொல்லப்பட்ட காரணம். கொடுத்தவர் போய்விட்டார், சிப்புகள் மாறிவிட்டன, பிழை வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் வாங்கி வைத்தவர். ஒரு பராமரிப்பாளர் வேக பேட்சைக் கண்டு தயங்குவதை ஆணவம் என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். அவர் மனத்தில் ஓடுவது, நாளை இதைக் கொடுத்தவர் இருப்பாரா என்ற கேள்விதான். ஐபிஎம் பெருங்கணினிகளின் சுருக்கும் கட்டளையைப் பயன்படுத்தும் ஜிலிப் பேட்சை, அது மூலத்தில் சேராத நிலையில், ஃபெடோரா, உபுண்டு போன்ற லினக்ஸ் வெளியீடுகள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கணக்கில் தனித்தனியே சுமந்தன. ஒரே மூட்டையைப் பலர் தனித்தனியாகத் தூக்கினால் மூட்டை இலேசாவதில்லை.

இனி என் மூட்டைக்கு வருகிறேன். 2023 ஜூனில் டெபியன் 12 வெளியானதும் எல்லாக் கணினிகளையும் அதன் 6.1 கர்னலுக்கு மாற்றினேன். கூகுள் பொறியாளர்கள் குரோம்ஓஎஸ்ஸிலும் ஆண்ட்ராய்டிலும் முன்பே பயன்படுத்தி, பலமுறை திருத்தியனுப்பி, கடைசியில் 6.1-இல் சேர்ந்த எம்ஜிஎல்ஆர்யூ என்ற புதிய நினைவக முறையும் அதில் இருந்தது. நல்லது என்று கேள்விப்பட்டு, கம்பைல் செய்யும்போது அதையும் இயக்கி வைத்தேன். என் பேட்சையும் வழக்கம்போல ஒட்டினேன். இரண்டு ஹங்குகளைக் கையால் திருத்த வேண்டியிருந்தது, மற்றவை ஒட்டிக்கொண்டன. கம்பைல் ஆனது, கணினி எழுந்தது, 150 எம்பி என்ற அமைப்பு இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. படிப்பகத்தில் முன்பைவிட நன்றாகவே ஓடுகிறது என்றார்கள். அடுத்த ஏழு மாதங்களில் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும்போதெல்லாம் இதே வேலையைச் செய்தேன்.

2024 ஜனவரியில், பர்கூரில் பொறியியல் படிக்கும் ஒரு தம்பி உதவிக்கு வந்தான். கர்னல் கம்பைல் செய்வதைக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, "அண்ணா, இந்த பேட்ச் இல்லாம ஒரு தடவை ஓட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டான். 2021-இல் பார்த்தேன் என்றேன். "இந்தக் கர்னல்ல?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவே மாடியறைக் கணினியில் இரண்டு கர்னல்களையும் நிறுவினோம்: ஒன்று பேட்சுடன், ஒன்று இல்லாமல். அதே பக்கங்களை அதே வரிசையில் திறக்க ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதினோம். நினைவகத்துக்காக நிரல்கள் எவ்வளவு நேரம் காத்துக்கிடக்கின்றன என்பதைக் கர்னலே சொல்லும் பிஎஸ்ஐ அளவீட்டை நொடிக்கொருமுறை குறித்தோம். ஐந்து ஐந்து முறை ஓட்டினோம். இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. அளவீட்டில் தவறோ என்று காக்கும் அளவை 150-லிருந்து 400 எம்பியாக உயர்த்திப் பார்த்தோம். அப்போதும் கோடு அசையவில்லை. பிறகுதான் விஎம்ஸ்கேன் கோப்பைத் திறந்து, எங்கே எதை வெளியேற்றுவது என்று தீர்மானிக்கும் பாதையை மேலிருந்து கீழாக வாசித்தேன். செயற்கூற்றின் தொடக்கத்திலேயே ஒரு நிபந்தனை இருந்தது: எம்ஜிஎல்ஆர்யூ இயக்கத்தில் இருந்தால் அதன் சொந்த வழிக்குப் போ, அங்கிருந்தே திரும்பிவிடு. என் வரிகள் அதற்குக் கீழே, பழைய வழியில் இருந்தன. அந்த வழிக்குக் கர்னல் இப்போது வருவதே இல்லை. ஏழு மாதங்களாக நான் இரவுகளில் திருத்தித் திருத்திச் சுமந்தது, ஒருமுறைகூட ஓடாத நிரல். கணினிகள் நன்றாக ஓடியதற்குக் காரணம் எம்ஜிஎல்ஆர்யூ. பேரை வாங்கிக்கொண்டது என் பேட்ச்.

ஒட்டாமல் போகும் ஹங்க் நமக்கு நன்மையே செய்கிறது; நின்று பார் என்று சொல்கிறது. சுத்தமாக ஒட்டிக்கொண்டு, கம்பைலும் ஆகி, அமைப்பையும் காட்டிக்கொண்டு, உள்ளே ஒன்றும் செய்யாமல் இருப்பதை எந்தக் கருவியும் சுட்டிக்காட்டாது. ஒரு வேக பேட்ச் சரியாக இருக்கிறதா என்பதற்கு, பேட்ச் உள்ளதையும் இல்லாததையும் ஒப்பிட்டு அளப்பதைத் தவிர வேறு சோதனை இல்லை. வழக்கமான பேட்சில் பிழை இருந்தால் ஏதாவது உடையும், யாராவது சொல்வார்கள். வேகத்துக்கான பேட்சில் பிழை இருந்தால் கணினி கொஞ்சம் மெதுவாகும், அல்லது ஒன்றுமே ஆகாது. ஆகவே ஒவ்வொரு பதிப்புக்கும் பேட்சைப் புதிதாகப் பொருத்தும் (ரீபேஸ்) உழைப்போடு, மறுபடி அளக்கும் உழைப்பையும் சேர்த்துத்தான் இதன் விலையைச் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது பாதியை நான் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளாகக் கொடுக்கவே இல்லை.

சந்தூரில் என் மாமா மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறார். அந்தப் பக்கமெல்லாம் ஒட்டுக் கன்றுதான் பிழைப்பு. நாட்டு மாங்கொட்டையில் முளைத்த செடியின் தலையை வெட்டி, மல்கோவாவின் குச்சியையோ பெங்களூராவின் குச்சியையோ சீவிச் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டுவார்கள். இந்தச் சம்பவத்துக்குச் சில வாரங்களுக்குப் பிறகு அங்கே போயிருந்தபோது, பச்சையாகத் தழைத்து நின்ற கன்றுகளையும் அவர் ஒவ்வொன்றாகக் குனிந்து, இலையை விலக்கி, ஒட்டுப் போட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் பார்க்கிறீர்கள் மாமா என்றேன். "ஒட்டு செத்துப்போயி அடியில இருக்கிற நாட்டுச்செடி தழைஞ்சிருந்தாலும் இதே பச்சைதான் மாப்ள. வாங்கிட்டுப் போறவனுக்கு நாலு வருஷம் கழிச்சுக் காய்ச்சாதான் தெரியும்" என்றார். ஒட்டுக்குக் கீழே கிளம்பியிருந்த தளிர் ஒன்றைக் கிள்ளியெறிந்துவிட்டு அடுத்த கன்றுக்குப் போனார். அவருடைய கன்று ஒருமுறை பிடித்துவிட்டால் பிறகு அது ஒரே மரம். என்னுடையதை ஒவ்வொரு பதிப்புக்கும் புதிதாக ஒட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் குனிந்து பார்க்கவும் வேண்டும்.

அந்த பேட்சை 2024 பிப்ரவரியில் நீக்கினேன். டெபியன் தரும் 6.1 கர்னலையே இப்போது 24 கணினிகளிலும் போட்டிருக்கிறோம். கணினி எழும்போது எம்ஜிஎல்ஆர்யூவை இயக்கவும், அண்மையில் பயன்படுத்திய பக்கங்களை ஒரு நொடிக்காவது வெளியேற்றாமல் காக்கவும் இரண்டு வரிகள் மட்டும் அமைப்பில் சேர்த்திருக்கிறோம். பாதுகாப்புத் திருத்தம் டெபியனிலிருந்து நேரே வருகிறது. அதற்கு நான் ஊரில் இருக்க வேண்டியதில்லை. கம்பைல் செய்த கர்னலைப் பார்த்துப் பெருமைப்பட்ட நண்பர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் பவர் பொத்தானை அழுத்தி அணைக்கும் நிலை அதன்பின் வரவில்லை.

பேட்சே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த 2021-இல் அது இல்லாவிட்டால் இரண்டு ஆண்டுகள் பிள்ளைகள் கட்டுரைகளை இழந்துகொண்டே இருந்திருப்பார்கள். எம்ஜிஎல்ஆர்யூவும் ஒரு காலத்தில் வெளியே சுற்றிய பேட்ச் தொகுப்புதான். யாரோ வெளியே ஓட்டிப் பார்த்து, அளந்து, எண்களோடு போய் நின்றதால்தான் அது உள்ளே வந்தது. நான் 5.10-இல் எடுத்திருக்க வேண்டிய எண்களை எடுத்து அனுப்பியிருந்தால், 2 ஜிபி கணினிகளில் இப்படி ஆகிறது என்பதற்கு ஒரு சான்றாவது அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்கும். நான் ஒருமுறைகூட எழுதவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

இப்போது எங்களிடம் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பேட்ச். கர்னலுக்கானது இல்லை, படிப்பகத்தில் பயன்படும் ஒரு பழைய அகராதி நிரல், தொடங்கும்போது முழுச் சொற்பட்டியலையும் நினைவகத்தில் ஏற்றுவதைத் தடுப்பது. டெபியன் தொகுப்பாளர்கள் பேட்சின் தலைப்பில் எழுதும் டெப்-3 குறிப்புகளை அதற்கும் எழுதியிருக்கிறேன்: எங்கிருந்து வந்தது, மூலத்துக்கு அனுப்பப்பட்டதா, கடைசியாகப் பார்த்த நாள் எது. அவற்றின் கீழே நாங்களாக இரண்டு வரிகளைச் சேர்த்திருக்கிறோம். ஒன்று, பேட்சுடனும் இல்லாமலும் கடைசியாக அளந்த எண்கள். மற்றொன்று, எது நடந்தால் இதை நீக்கிவிடலாம் என்பது. மூல ஆசிரியருக்குப் போன மாதம் அனுப்பியிருந்தோம். அளவீட்டு ஸ்கிரிப்டையும் கேட்டு அவர் பதில் எழுதியிருக்கிறார். தம்பி இந்த ஞாயிற்றுக்கிழமை பர்கூரிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறான். அதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும்.